நாருகோ கொகெஷி பொம்மையின் தலை திரும்பவில்லை, யாருக்காவது வழி தெரியுமா?

நான் இருப்பது ஜப்பானில், சென்டாய் நகரில். மியாகி மாகாணத்து நாருகோ வெந்நீரூற்று ஊரில் போன இலையுதிர் காலத்தில் வாங்கிய கொகெஷி மரப்பொம்மை இது. உயரம் சுமார் 24 செ.மீ., உடலில் சிவப்புச் செவ்வந்தி, அடியில் கைவினைஞரின் கையொப்பம்.

நாருகோ பொம்மையின் அழகே தலையைத் திருப்பினால் கீச்சென்று கத்துவதுதான். கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டபடியே தலையை உடலின் குழிக்குள் அழுத்திப் பொருத்துவார்கள். அந்த உரசல்தான் சத்தம். ஜூன் மழை தொடங்கியதிலிருந்து தலை இறுகிவிட்டது. விரிசலோ பூஞ்சையோ இல்லை.

ஏசி அறையில் வைத்தேன், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடினேன், மெதுவாகத் திருப்பியும் பார்த்தேன். ம்ஹும். எண்ணெய் விடச் சொன்னார்கள். சாயம் கலையுமே என்று விடவில்லை. வாங்கிய கடையும் இப்போது இல்லை.

சாயமும் மெழுகுப் பூச்சும் கெடாமல் இந்தக் கழுத்தை இளக்குவது எப்படி?