பாகைமானி, காம்பஸ், காத்தாடி: வடிவியல் வகுப்பில் மனசை விட்டுப் போகாதவை

வடிவியல் பாடம் நடத்தியதைப் பற்றி வட சென்னை ஆசிரியர்கள் சிலர் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டவை இவை. ஒவ்வொன்றின் மேலேயும் இருப்பது சொன்னவரின் ஊர்.

திருவொற்றியூர், 5-ஆம் வகுப்பு:

ஒரே புத்தகம், ஒரே பக்கம், ஒரே கோணம். ஒரு பிள்ளைக்கு 50 பாகை, பக்கத்துப் பிள்ளைக்கு 46. குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது: இரண்டாவது பிள்ளை கோட்டைப் பாகைமானியின் அடி விளிம்போடு பொருத்தியிருக்கிறது. விலை குறைந்த ஜியாமெட்ரி பெட்டிகளில் வரும் பாகைமானியில் 0–180 கோடு விளிம்பில் இருக்காது, அரை செ.மீ. அளவு மேலே தள்ளி இருக்கும். எண் வளைவின் ஆரம் 4.5 செ.மீ. என்றால் இந்த நழுவல் 50-ஐ 46 ஆக்கும், 130-ஐ 134 ஆக்கும். 90 மட்டும் 90 என்றே காட்டும், ஏனென்றால் அங்கே பாகைமானி நழுவுவது செங்குத்துக் கதிரின் போக்கிலேயே. நாம் முதலில் செங்கோணம் கொடுத்துத்தானே சோதிக்கிறோம்? எல்லாருக்கும் சரி போட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளை வருஷம் முழுக்க விளிம்பிலேயே வைக்கும். முதல் கணக்கே 40 அல்லது 140 கொடுங்கள். 0 கோட்டின் மேல் சிவப்பு மார்க்கரால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

காசிமேடு:

4 பாகை பெரிய விஷயமில்லை டீச்சர். 60-ஐ 120 என்று எழுதுகிறார்களே, அதைப் பாருங்கள். உள் வரிசையா வெளி வரிசையா என்று விதி சொல்லிக் கொடுத்தால், படத்தைத் திருப்பி வரைந்ததும் விதி செத்துவிடும். பாகைமானியைத் தொடும் முன்பே "இது குறுங்கோணமா, விரிகோணமா?" என்று எழுத வைத்துவிட வேண்டும். பிறகு கதிர் படுத்திருக்கும் பக்கத்தில் 0 எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில் எண்ணிப் போகட்டும்.

அதற்கும் முந்தைய சிக்கல் ஒன்று. பலகையில் கை நீளமான 30 பாகை, கை குட்டையான 60 பாகை. எது பெரிசு? பையன் ஓடிவந்து 30-ஐத் தொட்டான். "இதுதான் டீச்சர் நீட்டு." அவன் பார்த்தது கோட்டின் நீளத்தை. இரண்டு அட்டைப் பட்டைகளை ஒரு முனையில் பிரஸ் பட்டனால் இணைத்து, ஒன்றை அசையாமல் பிடித்து மற்றொன்றைத் திருப்பிக் காட்டுங்கள். விரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பட்டைகளின் நுனியைக் கத்தரியுங்கள். கோணம் குறைந்ததா என்று அவனையே கேளுங்கள். கடிகாரமும் நல்லது, 12:15 வைத்தால் செங்கோணம் கிடைத்துவிடும்.

கொருக்குப்பேட்டை:

12:15 செங்கோணம் இல்லை டீச்சர். அந்தக் கால் மணியில் சின்ன முள்ளும் 7.5 பாகை நகர்ந்திருக்கும், மீதி 82.5தான். 3:30-ம் அப்படியே, பெரிய முள் 180, சின்ன முள் 105, நடுவில் 75. அட்டைக் கடிகாரத்தில் முட்கள் தனித்தனியாகத் திரும்புவதால் இது நம் கண்ணில் படுவதில்லை. 3 மணி, 9 மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை, 3-ஆம் வகுப்பு:

காத்தாடிக் காகிதம் மேசையில் கிடந்தது. என்ன வடிவம்? "சதுரம்." அதையே மூலை மேலே வரும்படி தூக்கிப் பிடித்ததும் வகுப்பே "டைமண்டு!" பக்கத்தை அளந்தும், மூலையில் மூலை மட்டத்தை வைத்தும் பார்த்தார்கள், எல்லாம் பொருந்தியது. அப்புறமும் ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை: "மேசையில சதுரம், மேல போனா டைமண்டு." நாம் சதுரத்தை எப்போதும் படுக்கை வசத்திலேயே வரைவதன் பலன் இது. முக்கோணத்தையும் தலைகீழாக, ஒல்லியாக, சாய்வாக வரைய வேண்டும், அதுவும் முதல் நாளிலிருந்தே.

புது வண்ணாரப்பேட்டை:

இங்கே கேரம் போர்டு இல்லாத தெரு கிடையாது. கேரம் சாம்பியன்கள் மரிய இருதயம், காசிமா எல்லாம் சென்னைக்காரர்கள்தான். ஆனாலும் வகுப்புக்குள் அந்தக் காய்களை யாரும் எடுத்து வருவதில்லையே! நடுவில் சிவப்பு, சுற்றி 6, அதற்கு வெளியே 12, மொத்தம் 19. சிவப்பைச் சுற்றி 7-வது காயை நுழைக்க ஒரு பையன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தான். நுழையாது. காய்களைச் சுற்றி வரைந்து மையங்களை இணைத்தால் பக்கங்கள் எல்லாம் ஒரு காயின் விட்டமே, ஆகவே சமபக்க முக்கோணங்கள். நடுவில் 60 பாகை 6 முறை, 360 முடிந்தது. வேறு வேறு செட்டுக் காய்களைக் கலக்காதீர்கள். விதிப்படியே விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை இருக்கலாம். கலந்தால் இடைவெளி விழும், பிள்ளை அதைக் காட்டிக் கேட்கும்.

ராயபுரம்:

யாரும் காம்பஸ் பற்றிப் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். வட்டம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும்போது ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும். பிள்ளை அதைப் பென்சிலால் கையாலேயே ஒட்டிவிட்டு நிமிரும். அந்த இடைவெளியை அழிக்கவிடாதீர்கள், கோளாறு எங்கே என்பதை அதுதான் சொல்லும். ஊசித் துளை பெரிதாகி இருந்தால் ஊசி ஆடியிருக்கிறது: அடியில் நாலைந்து தாள் வேண்டும், வெறும் பெஞ்சில் ஊசி நிற்காது. துளை சிறியதாகவே இருந்தால் கால் விரிந்திருக்கிறது: மேல் திருகை இறுக்குங்கள், காலைப் பிடித்துச் சுற்றாமல் தலைக் குமிழை இரண்டு விரலால் உருட்டச் சொல்லுங்கள். காம்பஸை மூடினால் ஊசி நுனியும் பென்சில் நுனியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பென்சில் பாதிக்கும் குட்டையாக இருப்பது நல்லது, நீளமானது கையில் இடிக்கும். ஆரத்தை ஸ்கேலின் மேல் வைத்து அளந்தால் ஊசி வழுக்கும், சிலர் 0-வை விட்டு ஸ்கேலின் நுனியிலிருந்து எடுப்பார்கள். தாளில் 5 செ.மீ. கோடு போட்டு அதன் இரு முனைக்கும் விரிப்பதுதான் நம்பகமானது. 5 செ.மீ. விட்டம் கேட்டால் ஆரம் 2.5 என்பதை முதலில் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள்.

எம்.சி. ரோடு பக்கம்:

காம்பஸ் கைக்கு வரும்வரை வளையல் போதும் சார். 2-6 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் 16-ல் 6 பங்கும், கிட்டத்தட்ட 6 செ.மீ. உள்பக்கமாக வரையுங்கள், வெளியே வரைந்தால் வளையலின் தடிமன் இரு பக்கமும் சேர்ந்துவிடும். வளையலில் மையம் கிடைக்காது. அதற்குத் தாளில் வரைந்து வெட்டி, இரண்டு தரம் வெவ்வேறு பக்கமாகப் பாதியாக மடித்தால் மடிப்புகள் வெட்டும் இடமே மையம். சட்டைப் பெட்டி அட்டையில் அதே வட்டத்தை வெட்டி, ஓரத்தில் ஒரு குறி போட்டு, நேர்க்கோட்டின் மேல் ஒரு சுற்று உருட்டினால் 19 செ.மீ.க்குச் சற்று முன்னால் குறி வந்து நிற்கும். விட்டத்தை 3 முறை வைத்தால் 18, மிச்சம் எவ்வளவு என்று அவர்களே அளக்கட்டும். சொரசொரப்பான தரையில் உருட்டுங்கள், வழவழப்பான மேசையில் அட்டை சுழலாமல் சறுக்கி 19-ஐத் தாண்டிவிடும்.