நாலு பிஓ மோட்டார் வண்டி: திருப்பினால் ரீசெட் ஆகிறது, எந்த பேட்டரி போடலாம்?

பெரம்பூர்_ரோபோ:
நாலு பிஓ மோட்டார் (பிளாஸ்டிக் கியர் வைத்த சின்ன மோட்டார்) சேசிஸ், மோட்டாரை இயக்க எல்298என் டிரைவர், வண்டியின் மூளையாக இஎஸ்பி32 போர்டு, எஸ்ஜி90 செர்வோ (சென்சாரைத் திருப்பும் குட்டி மோட்டார்) மேல் தூரம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார். வைஃபையில் போன் வழியாக ஓட்டுகிறேன். பவருக்கு இரண்டு 9 வோல்ட் சதுர பேட்டரி, பேரலலாக. நேராகப் போகும்போது பிரச்சினை இல்லை. இடம் வலம் திருப்பினால் போர்டு ரீசெட் ஆகி, கம்ப்யூட்டரின் சீரியல் மானிட்டரில் பிரவுன்அவுட் (வோல்ட் குறைந்துவிட்டது) மெசேஜ் வருகிறது. ஆனால் மீட்டரில் பேட்டரி 9.1 காட்டுகிறது! 18650 (உருளை லித்தியம் செல்) இரண்டு போதுமா, 3எஸ் லிப்போவா (சீரிஸில் மூன்று லித்தியம் பாலிமர் செல்)? பள்ளிக் கண்காட்சிக்கு விட்டு விட்டு இரண்டு மணி நேரம் ஓட வேண்டும்.

வோல்ட்_மீட்டர்:
9.1 என்பது வண்டி சும்மா நிற்கும்போது. மீட்டரை பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிப் பாருங்கள், கதை தெரிந்துவிடும்.

நாலு சக்கர வண்டி திரும்பும்போது டயர் தரையில் பக்கவாட்டில் தேய்கிறது. சும்மா சுற்றும்போது 150-200 மில்லியாம்ப் இழுக்கும் பிஓ மோட்டார், இப்படி மூச்சுத் திணறும்போது அரை ஆம்பியருக்கு மேல் போகும். நாலும் சேர்ந்தால் 2-3 ஆம்பியர். சதுர பேட்டரிக்குள் இருப்பது சீரிஸில் ஆறு குட்டி செல். மல்டிமீட்டர், ஸ்மோக் அலாரம் மாதிரி கொஞ்சமாகக் குடிக்கும் சாமான்களுக்கானது அது. பேரலலாக இரண்டு போட்டாலும் இந்த லோடைத் தாங்காது.

ரீசெட்டுக்கு இன்னொரு காரணம், இஎஸ்பி32க்கு எங்கிருந்து 5 வோல்ட் எடுக்கிறீர்கள்? எல்298என் போர்டில் உள்ள 78எம்05 ரெகுலேட்டரிலிருந்துதானே? அதற்கு உள்ளே ஏறக்குறைய 7 வோல்ட் வந்தால்தான் வெளியே 5 சரியாக வரும். பேட்டரி சரிந்ததும் இதுவும் சரியும், போர்டில் உள்ள 3.3 வோல்ட் ரெகுலேட்டரும் கூடவே சரியும். அந்த நேரம் பார்த்து வைஃபையும் செர்வோவும் கரண்ட் கேட்கும்.

3எஸ் வேண்டாம். ஃபுல் சார்ஜில் 12.6 வோல்ட். எல்298என் சுமார் 2 வோல்ட் தின்றாலும் மோட்டாருக்கு 10 போகும். பிஓ மோட்டார் 3-6 வோல்ட்டுக்கானது, பிரஷ் சீக்கிரம் தேயும், பிளாஸ்டிக் கியர் பல் உடையும். இரண்டு 18650 சீரிஸில் 7.4, அதில் 2 போனால் 5.4. எல்லோரும் திட்டும் அந்த எல்298என் இங்கே தற்செயலாகப் பொருந்துகிறது. பின்னால் டிபி6612 டிரைவருக்கு மாறினால் வோல்ட் அவ்வளவாகக் குறையாது, பிடபிள்யூஎம்-ஐ (கோடில் மோட்டார் வேகத்துக்குக் கொடுக்கும் எண்) 255க்குப் பதில் 200-இல் நிறுத்துங்கள்.

வயரிங்: பேட்டரி பிளஸ், 5 ஆம்பியர் ஃபியூஸ், சுவிட்ச், அங்கிருந்து இரண்டு கிளை. ஒன்று எல்298என்னின் 12 வோல்ட் டெர்மினலுக்கு. மற்றது வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டருக்கு. எதையும் மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்து பக்கை 5.0-க்குத் திருகுங்கள், புதிதாக வரும்போது அது எந்த வோல்ட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த 5 வோல்ட்டில் இஎஸ்பி32, செர்வோ, சென்சார். எல்298என்னின் 5 வோல்ட் ஜம்பரைக் கழற்றிவிட்டு அதன் 5 வோல்ட் டெர்மினலுக்கும் இதையே கொடுங்கள். கிரவுண்ட் எல்லாம் ஒன்றாக. செர்வோ பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒவ்வொரு மோட்டார் முனையிலும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர்.

பெரம்பூர்_ரோபோ:
அளந்தேன் சார். திருப்பும்போது 5.2-க்கு விழுகிறது. 18650 எந்த கெப்பாசிட்டி வாங்குவது? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 9800 எம்ஏஎச் என்று போட்டு மலிவாக விற்கிறார்கள்.

மவுண்ட்ரோடு_மேக்கர்:
9800 என்று இருந்தால் தொடவே வேண்டாம் ப்ரோ. நல்ல கம்பெனி 18650-இலேயே பெரும்பாலும் அதிகபட்சம் 3500-3600தான். நல்ல செல் 45 கிராம் சுமாருக்கு இருக்கும். 35-க்குக் கீழே என்றால் உள்ளே சரக்கு இல்லை. 2500 எம்ஏஎச்சில் அதிக கரண்ட் தரும் வகை போதும். இந்த வண்டி சராசரியாக ஒரு ஆம்பியர்தான் குடிக்கும், 80 சதவீதம் பயன்படுத்தினாலும் தொடர்ந்து இரண்டு மணி நேரம் வரும்.

வாங்கியதும் ஒரு சோதனை. 4.2 வரை சார்ஜ் செய்து, 4.7 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து மீட்டர் பாருங்கள். 4.1-இல் நின்றால் நல்ல செல். 4.0-க்குக் கீழே இறங்கினால் திருப்பிக் கொடுங்கள். ரெசிஸ்டர் சுடும், விரலில் பிடிக்காதீர்கள். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்த செல் சீரிஸுக்கு வேண்டாம், இரண்டும் ஒரே பேட்சாக இருக்கணும்.

ஹோல்டரையும் கவனியுங்கள். மெல்லிய ஒயரோடு வரும் கறுப்பு ஹோல்டரில் 2-3 ஆம்பியர் போனால் ஸ்பிரிங் சூடாகி அங்கேயே வோல்ட் காணாமல் போகும். நல்ல செல்லை வாங்கி மட்டமான ஹோல்டரில் போட்டுவிட்டு செல்லைத் திட்டுவார்கள். புரொடெக்‌ஷன் போர்டு ஒட்டிய செல் சில மில்லிமீட்டர் நீளம் கூட, எல்லா ஹோல்டரிலும் உட்காராது.

சிட்லபாக்கம்_எலக்ட்ரான்:
பள்ளி என்றால் நான் லித்தியமே சொல்ல மாட்டேன். பிள்ளைகள் ஸ்க்ரூடிரைவரோடு சுற்றி நிற்கும் மேஜை அது. டபுள்-ஏ சைஸ் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 2000 எம்ஏஎச் செல் ஆறு போட்டால் ஏறக்குறைய அதே அளவு, 7.2 வோல்ட், 2-3 ஆம்பியர் அலட்டாமல் தரும். மேலே சொன்ன வயரிங்கை மாற்றவே வேண்டாம். எடை எழுபது கிராம் போலக் கூடும், அவ்வளவுதான். ஆறும் ஒரே ரகம், ஒரே வயது. சாதாரண அல்கலைன் டபுள்-ஏ இதற்குச் சரிவராது, லோடில் சரிந்துவிடும்.

வோல்ட்_மீட்டர்:
நியாயமான பேச்சு. யாரும் கூட நிற்காத மேஜை என்றால் நானும் அதையே சொல்வேன்.

பெரம்பூர்_ரோபோ:
நான் கூடவே நிற்பேன், 18650தான் போடப்போகிறேன். கையில் டிபி4056 சார்ஜிங் மாட்யூல் இரண்டு இருக்கிறது. செல்லைக் கழற்றாமலே அதை வைத்து சார்ஜ் செய்யலாமா?

மவுண்ட்ரோடு_மேக்கர்:
கூடாது. அது ஒற்றை செல்லுக்கானது. சீரிஸில் இருக்கும் இரண்டு செல்லுக்கு இரண்டு மாட்யூலை ஒரே அடாப்டரிலிருந்து கொடுத்தால், கிரவுண்ட் பொது என்பதால் கீழ் செல் ஷார்ட் ஆகும். செல்லை வெளியே எடுத்துத் தனித்தனியாகப் போடுங்கள், 2500-க்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டும் ஒரே அளவு நிறைந்து வருவதும் நல்லதுதான். பிளஸ் மைனஸ் மாற்றி வைத்தால் மாட்யூல் அவுட்.

2எஸ் பிஎம்எஸ் (சீரிஸில் இரண்டு செல்லுக்கான பாதுகாப்பு போர்டு) கட்டாயம் போடுங்கள். அது சார்ஜர் இல்லை, காவலாளி. மாட்டியதும் அவுட்புட் பூஜ்யம் காட்டினால் பழுது என்று நினைக்க வேண்டாம். 8.4 வோல்ட் லித்தியம் சார்ஜரை அவுட்புட்டில் ஒரு நொடி தொட்டால் பல போர்டு விழித்துக்கொள்ளும்.

45 டிகிரிக்கு மேல் சார்ஜ் கூடாது. மே மாதத்தில் மொட்டை மாடி அறையிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வேண்டாம், ஓடி முடித்த செல்லையும் ஆறவிட்டுப் போடுங்கள்.

வோல்ட்_மீட்டர்:
பேட்டரி தீரும்போது பிஎம்எஸ் கடைசி நேரத்தில்தான் கரண்ட்டை வெட்டும், அதற்கு முன்பே புரோகிராம் கோடில் நிறுத்துங்கள். பேட்டரி பிளஸிலிருந்து 100கே ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு 47கே, நடுவிலிருந்து இஎஸ்பி32இன் ஜிபிஐஓ 34 பின்னுக்கு. 8.4-க்கு அங்கே 2.7 வோல்ட் வரும். வைஃபை ஓடும்போது ஏடிசி2 (வோல்ட் அளக்கும் இரண்டாவது தொகுதி) பின்கள் உதவாது, 34 ஏடிசி1-இல் இருப்பதால் தொல்லை இல்லை. 6.4-க்கு இறங்கினால் மோட்டாரை நிறுத்தி எல்இடி மின்னட்டும். திருப்பும்போது ஒரு கணம் சரிவது இயல்பு, அதைப் பார்த்து வண்டி நிற்கக் கூடாது. மோட்டார் ஓடாத நேரத்தில் பத்து ரீடிங் எடுத்து சராசரி பாருங்கள்.