மெய்நிகர் பயிற்சியில் பயனர் அனுபவத்தை அளத்தல்: வியர்வையை எந்தக் கணக்கில் எழுதுவது?

வாலாஜாக்காரன்:
நண்பர்களுக்கு வணக்கம். ராணிப்பேட்டைப் பகுதியிலுள்ள ஒரு தோல் தொழிற்சாலையின் தொழிலாளர்களுக்காக, கழிவுநீர்த் தொட்டியில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைக் கற்பிக்கும் மெய்நிகர் பயிற்சி ஒன்றை முதுகலைத் திட்டப்பணியாக உருவாக்கியுள்ளேன். கண்களை மூடி அணியும் திரையான ஹெட்செட்டைக் கழற்றியதும், குமட்டல், தலைசுற்றல் போன்ற உபாதைகளை அளக்கும் எஸ்.எஸ்.கியூ (Simulator Sickness Questionnaire) வினாத்தாளைத் தமிழில் வாசித்து விடைகளைக் குறித்துக்கொள்கிறேன். அதிலுள்ள 16 அறிகுறிகளுள் வியர்வையும் ஒன்று. மே மாதத்தில் தகரக் கொட்டகையிலிருந்து நேராக வருபவர் அதற்கு என்ன விடை சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும். பயிற்சி தந்த உபாதையையும் வேலூர் வெயிலையும் எப்படிப் பிரிப்பது?

காட்பாடி ஆசிரியர்:
அந்த அளவுகோல் அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சிக் கருவிகளில் திரட்டிய தரவைக் கொண்டு 1993இல் வெளியானது. நம் ஊர்க் கொட்டகையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதன்று. ஒவ்வோர் அறிகுறிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு உண்டு. அறிகுறிகள் குமட்டல், கண், தலைசுற்றல் என்ற மூன்று பிரிவுகளில் எண்ணப்படும்; மூன்றின் கூட்டுத்தொகையை 3.74ஆல் பெருக்கினால் மொத்த மதிப்பெண். வியர்வை குமட்டல் பிரிவில் மட்டும் சேர்வதால், அதற்கு 3 கொடுத்தவரின் மொத்த மதிப்பெண்ணில் 11.22 கூடும். அதைவிட மோசமானது ஹெட்செட்டின் கண்ணாடியில் படியும் ஆவி. அதனால் பார்வை மங்கினால், 'மங்கலான பார்வை' கண் பிரிவிலும் தலைசுற்றல் பிரிவிலும் இருமுறை எண்ணப்பட்டு 22.44 வரை கூட்டிவிடும். வருபவரைச் சற்று நேரம் மின்விசிறியின் கீழ் உட்காரவைத்து, முகத்தைத் துடைக்கச் சொல்லி, முன்னும் பின்னும் கேட்டுக் கழித்துவிடுங்கள்.

ஆம்பூர் வாசகி:
மின்விசிறி சரி, முன்கூட்டியே கேட்பதை நான் ஏற்கவில்லை. முன்பே கேட்கப்பட்டவர்கள் பின்னர் அதிக உபாதையைத் தெரிவிப்பதாக 2006இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. குமட்டுகிறதா என்று கேட்டு அனுப்பினால் குமட்டலை எதிர்பார்த்தே உள்ளே போவார்கள். அதற்குப் பதிலாக, அதே அறையில், அதே நேரத்தில், இன்னொரு குழுவுக்கு அதே பாடத்தைத் தொலைக்காட்சித் திரையில் காட்டிப் பின்னர் மட்டும் கேளுங்கள். வெயில் இரு குழுக்களுக்கும் பொது. எஞ்சும் வேறுபாட்டில் பெரும்பங்கு ஹெட்செட்டுடையது.

பாலாற்றங்கரை:
உபாதை மட்டுமே அனுபவம் ஆகிவிடாது. தொட்டியில் உண்மையாகவே நிற்பதாக அவர் உணர்ந்தாரா என்பதை வினாத்தாளைவிட அவருடைய நடத்தையே நன்றாகச் சொல்லும். இத்தகைய தொட்டிகளில் சேரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் செறிவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆகவே ஏணியில் கால் வைப்பதற்கு முன் வாயு அளவியை நோக்கித் தலையைத் திருப்பினாரா, எத்தனை விநாடி நின்றார் என்பவற்றைப் பதிவுசெய்யுங்கள். தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை ஹெட்செட் எப்படியும் கணித்துக்கொண்டேதான் இருக்கிறது. சேமித்து வைப்பது மட்டுமே உங்கள் வேலை.

வாலாஜாக்காரன்:
மூவருக்கும் நன்றி. தொலைக்காட்சிக் குழுவை அமைத்துவிடுகிறேன். அளவியைப் பார்க்காமல் இறங்குபவரை உடனே தடுக்காமல், முதல் முறை இறங்க விட்டுப் பதிவுசெய்யலாம் என்றும் எண்ணுகிறேன். ஹெட்செட்டில் முகத்தில் படும் நுரைப்பட்டையை ஆளுக்கு ஒன்றாக மாற்றும் வசதி இல்லை. கழுவித் துடைக்கக்கூடிய ரெக்சின் உறை போதுமா?