பங்காளி வீடு, ஒருவர் பெயரில் பாலிசி: கிளெய்மை மறுத்தது சரியா?

வளவுக்காரன்:
தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. ஆறு பங்காளிகளுக்குப் பொது. தீக்காப்பீடு அண்ணன் பெயரில் மட்டும் இருக்கிறது. மின்கசிவில் இரண்டாம் கட்டுக் கூரை எரிந்து, பர்மா தேக்கு உத்தரம் கரிக்கட்டையாகிவிட்டது. 'பழைய வயரிங்கை மாற்றாதது கவனக்குறைவு' என்று ஒரே காரணம் எழுதி கிளெய்மை மறுத்தார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். அங்கே கம்பெனியின் பதில் மனுவில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது: 'உங்கள் அண்ணனுக்கு ஆறில் ஒரு பங்குதான்.' பிரீமியத்தை மட்டும் முழு வீட்டுக்கும் வாங்கினார்களே, இது நியாயமா?

கோட்டையூர் வக்கீல்:
நியாயமே இல்லை. கவனக்குறைவால் பிடிக்கும் தீக்கும் சேர்த்துத்தான் காப்பீடு. வேண்டுமென்றே கொளுத்தியிருந்தால் கதை வேறு. 'மின்கசிவு நஷ்டத்துக்குப் பணம் இல்லை' என்ற பாலிசி விலக்கும் பழுதான மின்கருவியோடு நின்றுவிடும், பரவிய தீ எரித்த உத்தரத்தைத் தொடாது. அடுத்து, மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை வழக்கில் புதிதாகக் கிளப்ப முடியாது. கலாடா பவர் (2016), சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் (2019) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
காப்பீட்டு நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்தவன் நான். வக்கீல் ஐயா பாதியைத்தான் சொல்கிறார். அந்த இரண்டிலும் தகராறு, விபத்தைத் தாமதமாகத் தெரிவித்தது பற்றியது. அது பாலிசியின் நிபந்தனை, கம்பெனி விட்டுக்கொடுக்கலாம். இங்கே கேள்வி உரிமை பற்றியது: தனக்கு உரிமையில்லாத சொத்துக்குக் காப்பீடு எடுப்பது பந்தயத்துக்குச் சமம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவில் பந்தயமே செல்லாது. கடிதத்தில் எழுதாமல் விட்டதால் இல்லாத உரிமை வந்துவிடுமா? வளவில், அதாவது இந்தப் பொது வீட்டில், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. பங்காளி அறைக்கு இவர் ஏன் பணம் வாங்க வேண்டும்?

கோட்டையூர் வக்கீல்:
அறைக்குத்தான் சாவி, எரிந்தது கூரை. பாகம் பிரியாத வீட்டில் ஒவ்வொரு ஓட்டிலும் ஆறு பேருக்கும் உரிமை உண்டு. இத்தனை ஆண்டுகள் ஒரு கேள்வியும் கேட்காமல் புதுப்பித்துக் கொடுத்துவிட்டு, பணம் கேட்ட பிறகு பத்திரத்தைப் புரட்டுவதற்கு என்ன பெயர்?

கலிஃபோர்னியா காரைக்குடியான்:
இங்கே அதற்கு வழக்கே தனி. க்ரூயன்பெர்க் வழக்கில் 1973-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், காரணமில்லாமல் பணத்தை இழுத்தடிக்கும் கம்பெனி பாலிசித் தொகைக்கு மேலும் நஷ்டஈடு தரவேண்டியிருக்கும் என்று வழிதிறந்துவிட்டது. அந்தப் பயம் நம் ஊரில் இல்லை.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
நம் ஊரில் அதைச் 'சேவைக் குறைபாடு' என்று வாதாட வேண்டும், மனவேதனைக்கும் நஷ்டஈடு கேட்கலாம். தொகை அற்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். வயரிங் காரணத்தை எழுதியவருக்காக நான் வாதாட வரவில்லை, அது வெட்கக்கேடு. ஆனால் முதல் காரணம் சொத்தை என்பதால் இரண்டாவதும் சொத்தையாகிவிடாது. இரண்டையும் சேர்த்து 'மோசடி' என்று மனுவில் குழப்பினால் ஆணையம் எதையும் கவனிக்காது.

ஆச்சி, கண்டனூர்:
காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கலாமே தம்பி? செலவே இல்லை, 50 லட்சம் வரை தீர்ப்பளிப்பார்.

கோட்டையூர் வக்கீல்:
ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அவர் எடுக்கமாட்டார் ஆச்சி. வளவுக்காரரே, பிரீமியம் யார் பணம்?

வளவுக்காரன்:
வீட்டுப் பொதுக்கணக்கு. ஆறு பேரும் படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, கூடும்போது பங்கு போடுவோம். நோட்டில் 'இன்சூரன்ஸ்' என்று தனி வரியே இருக்கிறது, சிங்கப்பூர்ச் சித்தப்பா கையெழுத்தோடு.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
இதை ஏன் கிளெய்மோடு கொடுக்கவில்லை?

வளவுக்காரன்:
யாரும் கேட்கவில்லை ஐயா.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
அண்ணன் எல்லோருக்காகவும் எடுத்த பாலிசி என்று காட்ட அந்த நோட்டு உதவும். மற்ற ஐவரிடமும் சம்மத வாக்குமூலம் வாங்கிச் சேருங்கள். அது வரும்வரை என் கணக்கு ஆறில் ஒன்றுதான்.

கோட்டையூர் வக்கீல்:
என் கணக்கு முழு வீடு. வாக்குமூலத்தை வாங்கிவிடுங்கள், அதில் எங்கள் இருவருக்கும் சண்டையில்லை.