கோட்டை மானின் உண்ணி கடித்தால் லைம் நோய் வருமா?

உப்புவெளியான்:
ஞாயிற்றுக்கிழமை மகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது கோட்டைக்குள் புல்லில் இருந்து மான்களுக்கு வத்தகப்பழத் தோல் கொடுத்தோம். இரவு தலை வாரினால், பிள்ளையின் காதுக்குப் பின்னால் எள்ளளவில் ஓர் உண்ணி. மனைவி நகத்தால் பிய்த்து எறிந்துவிட்டாள். டொரொன்டோ மச்சாளிடம் சொன்னதுதான் பிழை. "மான் உண்ணியென்றால் லைம், உடனே மருந்தைத் தொடங்குங்கோ" என்று அழாக்குறை. இரண்டு நாளாக நித்திரையில்லை.

பாலையூற்று மாமி:
ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டிருந்தால் தானாக விழுந்திருக்கும். மாட்டுக்கு நாங்கள் அதுதான் செய்வோம்.

திரும்பி வந்தவன்:
மாமி கோபிக்கக் கூடாது, மண்ணெண்ணெய் வேண்டாம். சீண்டினால் உண்ணி எச்சிலைக் கடிவாயில் விட்டுவிடும். கூர் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேரே இழுக்க வேண்டும். அப்புறம் சவர்க்காரம், தண்ணீர்.

தம்பி, ஒன்டாரியோவில் இருந்த காலத்தில் எனக்கே லைம் வந்தது. தொடையில் சிவப்பு வட்டம், நாளுக்கு நாள் அகன்றது. நோவில்லை, சொறியவுமில்லை. கடித்த உண்ணியை நான் காணவேயில்லை. இளம் உண்ணி கசகசா அளவுதான். இரண்டு கிழமை டொக்சிசைக்ளின் என்ற கிருமிகொல்லி மருந்து குடித்தேன், சரி.

அந்த உண்ணி முட்டையிலிருந்து வரும்போது லைம் கிருமியோடு வருவதில்லை. முதல் இரத்தத்தை வெள்ளைக்கால் சுண்டெலி மாதிரிச் சின்னப் பிராணிகளில் குடிக்கும்போதுதான் தொற்றும். எலியோ ஒன்றும் நடக்காத மாதிரி ஓடித் திரியும். அடுத்த பருவத்தில் அதே உண்ணி எங்களைக் கடிக்கும்; கடித்தும் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி ஏறும். மான் வளர்ந்த உண்ணிக்குச் சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். அதனிடமிருந்து உண்ணிக்குக் கிருமி போவதில்லை. பெயர் கெட்டது மட்டும் பாவம் மானுக்கு. (லைம் என்பது எலுமிச்சையுமில்லை, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஓர் ஊர். 1975 அளவில் அங்கே பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கப்போய்த்தான் இந்த நோயைத் தேடத் தொடங்கினார்கள்.)

அங்கே அதைப் பரப்பும் கருங்கால் உண்ணி எங்கள் கோட்டையில் இல்லை. ஆனால் எங்கள் உண்ணிகளும் சும்மா ஆட்களில்லை, சில வகை டைபஸ் காய்ச்சலைக் கொடுக்கும். இரண்டு கிழமை பாருங்கள். காய்ச்சல், கடும் தலையிடி, தோலில் புள்ளி, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு, இதில் ஒன்று வந்தாலும் டொக்டரிடம் முதல் வார்த்தையாக உண்ணிக் கடியைச் சொல்லுங்கள். இப்போது மருந்து வேண்டாம். காதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள், இலங்கையில் உண்ணி அங்கே போய் ஒட்டுவது வழக்கம்.

உப்புவெளியான்:
நன்றி அண்ணை. காது சுத்தம், காய்ச்சலுமில்லை. ஆனால் இன்று காலை என் வேட்டி மடிப்பில் இன்னொன்று ஊர்ந்தது. ஜாம் போத்தலில் ஸ்பிரிட் விட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். மச்சாள் படம் கேட்கிறாள்.