அப்பாவின் நாடக நோட்டில் ஏ, பி, சி என்ற குறிகள்: விளக்கம் வேண்டும்

கேள்வி: வாளையாற்று மகள்

வணக்கம். என் அப்பா பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டை அடுத்த ஒரு நூற்பாலையில், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய தகரப் பெட்டியில், மில் குடியிருப்பில் அரங்கேறிய ஒரு நாடகத்தின் கையெழுத்து நோட்டு கிடைத்தது. அதில் ஒவ்வொரு வேடத்துக்கு எதிரேயும் ஓரத்தில் சிவப்பு மையால் ஏ, பி, சி என ஓர் எழுத்து இருக்கிறது; சிறு வேடங்கள் சிலவற்றுக்கு இரண்டு பேருடைய பெயர்கள் உள்ளன. கதை அண்ணன் தம்பிப் பகை. ஆனால் அந்த இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே இல்லை. தபால்காரர் ஒருவர் 11 முறை மேடைக்கு வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போகிறார். "அப்பாவுக்கு நாடகம் எழுத வரவில்லை" என்று தம்பி சிரிக்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில பக்கங்களில் மலையாள எழுத்தும் கலந்திருக்கிறது. மில் வாழ்க்கையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

பதில்: பழைய டாஃபர்

அம்மா, உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், அப்பாவுக்கு நாடகம் எழுத நன்றாகவே வந்திருக்கிறது. ஏ, பி, சி என்பவை ஷிப்ட். நான் கோவை சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் 31 ஆண்டுகள் இருந்தவன். எங்கள் நோட்டுகளிலும் இதே குறிதான். காலை 7 மணிக்கு ஒரு கூட்டம் உள்ளே போகும், பிற்பகல் 3 மணிக்கு அடுத்தது, இரவு 11 மணிக்கு மூன்றாவது. வாரம் மாறினால் ஷிப்ட்டும் மாறும், ஆனால் கூட்டம் கூட்டமாகவே மாறுவதால், ஏ-யில் இருப்பவனும் சி-யில் இருப்பவனும் சங்கு ஊதும் நேரத்தில் கேட்டருகே ஒருவரையொருவர் பார்த்துக் கையசைப்பதோடு சரி. அண்ணனாக நடித்தவரும் தம்பியாக நடித்தவரும் வெவ்வேறு ஷிப்ட்டில் இருந்திருப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்க்க வழியில்லாதபோது சேர்ந்து பேசும் காட்சியை எழுதி என்ன பயன்? அதனால்தான் தபால்காரர். அவர் பெயருக்கு நேரே பெரும்பாலும் இரண்டு பேர் இருப்பார்கள், பாருங்கள்.

ஒத்திகை கேன்டீனில் நடக்கும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்லலாம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது; அதை இயற்றியவர்கள் அங்கே ராஜபார்ட் என்னும் ராஜா வேடத்துக்கு ஆள் தேர்வு நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. நூல் சுற்றும் ஸ்பின்டில்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி எல்லோருக்கும் குரல் அப்படி ஆகியிருந்தது. பாட்டுக்காரர்கள் பாடுதான் கஷ்டம். பஞ்சுத் தூசியால் நெஞ்சு இறுகும்; விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் அது மிகுதி என்பதால், ஞாயிறு இரவு நாடகத்தில் அருமையாகப் பாடியவர் மறுநாள் மாலை பேசவே திணறுவார்.

பதில்: கோன் வைண்டிங் அக்கா

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அதே சட்டம் இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்களை ஆலை வேலையில் வைக்கக் கூடாது என்றிருந்ததால், நாங்கள் பகலில் மட்டுமே இருந்தோம். அந்த வகையில் ஒத்திகைக்கு மிகவும் தோதானவர்கள் நாங்கள்தான். ஆனாலும் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடத்துக்கு மீசையை மழித்துக்கொண்டு ஆண்களே வந்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. கிரீடங்களைச் செய்தவர்கள் நாங்கள். நூலின் நம்பரை, அதாவது பருமனைப் பிரித்தறிய, நூல் சுற்றும் பேப்பர் கோனின் நுனியில் வண்ணம் பூசியிருப்பார்கள் அல்லவா? நசுங்கிக் கழித்த கோன்களில் சிவப்பு நுனி, பச்சை நுனிகளைத் தனியே அறுத்தெடுத்து, அட்டையில் வரிசையாக ஒட்டினால் மேடை விளக்கில் கல் பதித்ததுபோலத் தெரியும். அடிப்பாகத்தில் கார்த்திகைக்கு விளக்குக் கூடு. பொங்கலுக்குக் கும்மி அடித்தோம், ஓணத்துக்குப் பூக்களம் போட்டோம். இரண்டுக்கும் ஒரே கைகள்தான். நோட்டின் பின்பக்கங்களில் கிரீடத்துக்கு அளவு எடுத்த குறிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள் கண்ணு.

பதில்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

மலையாள எழுத்தில் இருப்பதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதில் விழுவது தமிழாகவே இருக்கக்கூடும். தமிழ் பேசவும் நடிக்கவும் தெரிந்து, எழுத்து மட்டும் பழகாத மலையாளி நண்பர்கள் தங்கள் வசனத்தை அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்து மேடையான கூத்துமாடத்தில் 21 விளக்குகளுக்கு முன்னால் தோற்பாவைக்கூத்தில் இன்றும் கம்பனைத் தமிழிலேயே பாடும் ஊர் இது, வியப்பதற்கு ஒன்றுமில்லை. நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செலோ டேப் ஒட்டாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே, ஓரக் குறிகளும் விடுபடாதவாறு ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவிடுங்கள்.

வாளையாற்று மகள்

அனைவருக்கும் நன்றி. இப்போதுதான் மீண்டும் பார்த்தேன். அண்ணன் ஏ, தம்பி சி. தபால்காரருக்கு நேரே இரண்டு பெயர்கள், ஒன்று அப்பாவுடையது. அக்கா கேட்ட கிரீட அளவு கடைசி அட்டையில் பென்சிலால் இருக்கிறது, "தலை 22 அங்குலம்" என்று. கடைசிக் காட்சியில் அண்ணனும் தம்பியும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வசனம்கூட இல்லை. "இருவரும் கட்டிக்கொள்கிறார்கள், திரை" என்று மட்டும் அப்பா எழுதியிருக்கிறார்.