உயிரியலில் இளநிலைப் பட்டம்: எங்கே படிப்பது?

கேள்வி:
மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காத என் மகள் உயிரியலையே தொடர விரும்புகிறாள். அருகிலுள்ள கல்லூரியில் 3 ஆண்டு விலங்கியல் படிக்கலாமா, திருப்பதி ஐசரின் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) 5 ஆண்டுப் படிப்புக்கு முயலலாமா?

மறுமொழி 1:
ஆராய்ச்சியில் உண்மையான நாட்டம் இருந்தால் ஐசர் மிக நல்லது. ஆனால் அதன் நுழைவுத் தேர்வில் உயிரியலோடு இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றிலும் கேள்விகள் வருவதால், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவர்கள் அதற்கெனத் தனியாகத் தயாராக வேண்டும்.

மறுமொழி 2:
விலங்கியலைத் தாழ்வாக எண்ண வேண்டாம். நான் அதைப் படித்துவிட்டுத்தான், ஐஐடி போன்ற நிறுவனங்களின் முதுநிலை அறிவியல் படிப்புகளுக்கான ஜாம் நுழைவுத் தேர்வில் உயிரித் தொழில்நுட்பத் தாளை எழுதி முதுநிலையில் சேர்ந்தேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். ஒவ்வொரு மாணவர் கைக்கும் நுண்ணோக்கி கிடைக்கிறதா என்று அங்கு படிப்பவர்களிடமே கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மகள் கணிதமும் படித்திருக்கிறாள், இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறோம்.